‘எப்ப’ என்று கேட்டவள்

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள் பூரணி. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் அவளுக்குச் சிங்களம் தெரியும். கணவன் கந்தப்பனுக்கு இதய வால்வு பழுது. ஒப்பரேஷன் திகதியை ஃபோனில் சொல்வதாகத் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை, மழையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. ஒரு பெண் சிங்களத்தில் மளமளவென்று பேசினாள். கணவன் பெயரும் ஒப்பரேஷன் என்ற சொல்லும்தான் பூரணிக்குப் பிடிபட்டன.

“எப்ப மிஸ்? எப்ப?”

“எபாத?” என்றது அந்தக் குரல். “எப்ப, எப்ப” என்றாள் இவள் மறுபடி. “ஹரி” என்றது.

ஹரி என்றால் சரி. அது அவளுக்குத் தெரியும். இனித் திகதி போட்டுக் கடிதம் வரும் என்று நம்பினாள்.

ஆறு வாரமாகியும் எதுவும் வரவில்லை. கந்தப்பனுக்குக் கால் வீங்கிவிட்டது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போய் வருவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தான். பூரணி முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண், ராகலைக்காரி நிரோஜினி ஃபைலை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி.

“அக்கா, நீங்க ஒப்பரேஷன் வேணாம்னு சொல்லிட்டதா எழுதியிருக்காங்க.”

“நானா? எப்பன்னுதானே கேட்டேன்?”

நிரோஜினியின் முகம் மாறியது. “சிங்களத்துல எபான்னா வேணாம்க்கா. எபாதன்னா வேணாமா.”

எப்பொழுது என்பதுதான் வாயில் தேய்ந்து எப்ப ஆனது. சிங்களத்து எபாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மழை இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் கேட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அதை மறுப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

பூரணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அங்கே இருந்த சிங்கள நர்ஸிடம், “ஓனே மிஸ், ஓனே” என்றாள். வேண்டும் என்பதற்குக் கடையில் கற்ற சொல். அந்த மிஸ்ஸுக்கும் கண் கலங்கியது. ஆனால் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த திகதிக்கு எட்டு மாதம்.

வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னாள். கந்தப்பன் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

“நீ சரியாத்தானே புள்ள கேட்டிருக்க.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

நாலாம் மாதம் ஒரு காலையில் அவனுக்கு மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டுப் பழனியாண்டியும் இன்னும் மூன்று பேரும் அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார்கள். பாதி வழியில், தேயிலைக்கு நடுவே, பழனியாண்டி கந்தப்பனின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இறக்கச் சொன்னார். கந்தப்பனின் ஒரு காலில் செருப்பு கழன்றிருந்தது. பூரணி அதைத் திரும்பத் திரும்ப மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.