ஜானகிராமனின் ஆறு தோட்டா

ஜானகிராமனுக்கு ரிவால்வர் லைசென்ஸ் கேட்டு மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். செங்கல்பட்டு தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டு, மனு எழுதிப் பிழைக்கிறேன். முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ் என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். துப்பாக்கிக்கு எழுதியது அந்த ஒன்றுதான். கை வலிக்கிறது, நாளைக்கு வா என்று சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம்.

அவன் என்னோடு பத்தாவது வரை படித்தவன். திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் அவனுக்கும் தம்பி மணிக்கும் பொதுவில் மூன்று ஏக்கர். நெல் விளைந்த வரைக்கும் அந்த நிலத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடலோரத்தில் ரிசார்ட்டுகள் பெருகி இடம் தீர்ந்ததும் புரோக்கர்கள் உள்ளே நகர்ந்து வந்தார்கள். ஒரு காலையில் அண்ணனும் தம்பியும் வயலுக்குப் போனால் சுற்றிலும் முள்கம்பி வேலி, யாருடைய பெயரோ எழுதிய போர்டு. கேட்கப் போன மணியின் மண்டையை உடைத்து அனுப்பினார்கள். பதினோரு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து ஜானகிராமன் நேரே என் கடைக்கு வந்தான். சட்டையெல்லாம் தம்பியின் ரத்தம்.

"எழுது ராகவா. எனக்கு ஒரு துப்பாக்கி வோணும்."

"காரணம் இன்னான்னு எழுதறது?"

"எனக்கும் என் தம்பிக்கும் உயிருக்கு ஆபத்துன்னு எழுது. அவன் பேர முன்னால போடு."

'எனது தம்பி மணி மற்றும் எனது உயிருக்கு ஆபத்து உள்ளதால்' என்று எழுதினேன். வி.ஏ.ஓ., தாசில்தார், போலீஸ் ஸ்டேஷன் என்று ஒன்றரை வருஷம் அலைந்தான். அதற்குள் கோர்ட்டில் தீர்ப்பாகி, வேலி போட்டவர்கள் வேலியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆபத்து போன பிறகுதான் லைசென்ஸ் வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

சென்னையில் துப்பாக்கிக் கடைக்குத் துணைக்குப் போனேன். கடைக்காரர் பிஸ்டலையும் காட்டினார், ரிவால்வரையும் காட்டினார். பிஸ்டல் தட்டையாக, பார்க்க லட்சணமாக இருந்தது. ஜானகிராமன் அதைத் தொடவேயில்லை. ரிவால்வரின் உருளையை வெளியே தள்ளி, ஆறு ஓட்டை வழியாகவும் டியூப்லைட்டைப் பார்த்தான். பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இல்லை. அன்றைக்கும் நான்தான் கூட இருந்தேன்.

அதன் பிறகு ரிவால்வர் புராணம்தான். கோவளம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் செக்யூரிட்டி மேனேஜராக இருந்த ஹரிஹரனோடு ஒருமுறை சுடுதளத்துக்குப் போய்வந்தான். ஹரிஹரனின் பிஸ்டல் மூன்றாவது குண்டிலேயே காலித் தோட்டா சிக்கி நின்றுவிட்டதாம். இவனுடையது வரிசையாக ஆறும் வெடித்ததாம். இந்தக் கதையை என் கடையில் மட்டும் ஐம்பது தடவை சொல்லியிருப்பான்.

"பிஸ்டலு மாட்டிக்கினா நின்னு யோசிக்கணும் ராகவா. இதுல யோசிக்கவே வாணாம். ஒண்ணு வெடிக்கலயா, இன்னொரு தபா இஸ்தா அடுத்தது வந்துடும்."

ஒருநாள் காலியாக்கி என் கையில் கொடுத்தான். நான் நினைத்தது போல் லேசாக இல்லை. விசையை இழுக்க விரலின் பலம் முழுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவையே விரல் நடுங்கியது. "டைப் அடிக்கிற வெரலு, அப்டிதான் இருக்கும்" என்று சிரித்தான்.

இடுப்பில் அது ஏறியதும் ஆளே மாறிப்போனான். டீக்கடை பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்வான். வெயில் கொளுத்தினாலும் சட்டையை வெளியே விட்டுக்கொள்வான். முன்பெல்லாம் குரலை உயர்த்தத் தெரியாதவன், இப்போது பஸ் கண்டக்டரிடம்கூட அதிகாரமாகச் சில்லறை கேட்டான். தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்த வாரங்களில் மட்டும் பழைய ஜானகிராமன் திரும்பி வருவான். எனக்கு அவனைத்தான் பிடிக்கும். தேர்தல் அடிக்கடி வரட்டும் என்று நான் கேலி செய்தால் முறைப்பான்.

ஆயுத பூஜைக்கு என்னை வீட்டுக்கு அழைப்பான். அரிவாள், மோட்டார் ஸ்டார்ட்டர், பைக் சாவி எல்லாவற்றுக்கும் நடுவில் மணைப்பலகை போட்டு, அதன் மேல் ரிவால்வர். அவன் மனைவி ரேணுகா அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பாள். ஆறு தோட்டாவும் வெற்றிலையில் பரப்பிய அரிசியில் தலைகீழாக நிற்கும். ஒவ்வொன்றின் தட்டையான அடியிலும் நட்ட நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். தட்டில் பொரியும் கடலையும் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். ராசியான ஆறு என்று வருஷா வருஷம் அதே ஆறுக்குத்தான் பூஜை. மறுநாள் காய்ந்த சந்தனம் போக ஒரு டம்ளர் தேங்காய் எண்ணெயில் தோட்டாக்களை ஊறப் போட்டு, பழைய வேட்டித் துணியால் குழந்தையைத் துடைப்பது போலத் துடைப்பான். அப்புறம் அவை மறுபடி உருளைக்குள் போகும். இப்படி எட்டு வருஷம்.

போன சித்திரையில் மணி தன் பாகத்தை விற்கக் கிளம்பினான். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தான். அவன் பாகத்துக்குப் போக வழி ஜானகிராமன் பாகத்தின் ஓரமாகத்தான், பன்னிரண்டடி. அதை எழுதிக் கொடு என்றான் தம்பி. நிலத்தை அந்நியனுக்கு விடமாட்டேன் என்றான் அண்ணன். சர்வேயர் வந்து அளந்தார். அளவில் அந்த வழியில் பாதி மணிக்கே சொந்தம் என்று வந்தது. ஜானகிராமன் ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சு தடித்தது. மணி கடப்பாரையால் பழைய எல்லைக்கல்லைப் பெயர்த்து அண்ணன் காலடியில் போட்டான்.

"வேலிக்காரன் என் மண்டயத்தான் ஒடச்சான். நீ என் குடும்பத்தையே ஒடைக்கிற" என்றானாம்.

ஜானகிராமன் சட்டையைத் தூக்கினான். மணியின் மனைவி கல்யாணி அலறினாள். சர்வேயர் வரப்பில் விழுந்து ஓடினார். பட்டப்பகல், பதினோரு மணி.

வெடிக்கவில்லை. அந்த ஆறில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

மணி போலீசுக்குப் போகவில்லை. மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டேஷன் வாசல் மிதிக்க முடியாது என்றான். சர்வேயருக்கும் சாட்சி சொல்ல ஆசை இல்லை. ஊருக்குள் சும்மா மிரட்டத்தான் நீட்டினான், உள்ளே தோட்டா இல்லை என்று பேச்சு அடங்கிப்போனது. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து மணி ஒரு ஜெராக்ஸ் எடுக்க வந்தான்.

"மொத சத்தத்துக்குக் கண்ண மூடிக்கினேன் அண்ணாத்த" என்றான். "செத்துட்டேன்னுதான் நெனச்சேன். அப்பால இன்னொரு சத்தம். அப்பால இன்னொண்ணு. எண்ணிகினே நின்னேன். ஒண்ணோட நிறுத்தியிருந்தா கோவம்னு வுட்டுருப்பேன். ஆறு தபா இஸ்தான். எங்க அண்ணன் ஆறு தபா இஸ்தான்."

ஜெராக்ஸை வாங்காமலே போய்விட்டான்.

எனக்கு என் விரல் நடுங்கியது நினைவுக்கு வந்தது. அந்த விசை கைதவறி இழுபடுகிற விசை இல்லை. மறுநாளே ஜானகிராமன் வீட்டுக்குப் போய், வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தலை நிமிரவில்லை. அப்புறம் சொன்னான். விசையை இழுத்த அன்றைக்குச் சாயங்காலமே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சென்னைக் கடைக்குப் போயிருக்கிறான். தம்பி வீட்டுக்கு இல்லை, கடைக்கு. ஏன் வெடிக்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறான். அவர் தோட்டாக்களை முகர்ந்து பார்த்துவிட்டு, எண்ணெய் உள்ளே இறங்கி மருந்து செத்துப்போச்சு, இதை யார் எண்ணெயில் போடச் சொன்னது என்று கேட்டாராம்.

"பஸ்ஸுல திரும்பி வர சொல்லோதான் ஒறச்சுது ராகவா" என்றான். "வெடிக்கலயேன்னு கேக்கப் போயிருக்கேன். நான் மனுசனா?"

இல்லை என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது. நல்லவேளையாக ரேணுகா உள்ளே அழுதுகொண்டிருந்தாள், சொல்லவில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பெரியப்பாவுக்குப் பத்திரிகை வரவில்லை. வழிக்கான பத்திரத்தில் அவன் தானே போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மணி வாங்கிக்கொண்டான். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

போன மாதம் ஜானகிராமன் கடைக்கு வந்தான். சட்டையை உள்ளே விட்டிருந்தான். துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டானாம். லைசென்ஸைத் திருப்பி ஒப்படைக்க கலெக்டருக்கு மனு வேண்டும் என்றான்.

"காரணம் போடணுமே. வயசாயிடுச்சுன்னு எழுதட்டா?"

"வாணாம். அந்தப் பழைய மனு வச்சுகினு கீறியா?"

கம்ப்யூட்டரில் இருந்தது. தேடி எடுத்து, காரணத்தை மட்டும் படித்துக் காட்டினேன்.

'எனது தம்பி மணி மற்றும் எனது உயிருக்கு ஆபத்து உள்ளதால்.'

"அதையே போடு" என்றான்.

போட்டேன். ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.