விண்ட் டன்னலுக்குச் சந்தனம்

என் சந்தேக புத்தி எங்கள் வகுப்பறிந்தது. தேங்காயை ஆட்டிப் பார்த்து, சுண்டிப் பார்த்து, அப்புறமும் கடைக்காரர் முகத்தை ஒரு தடவை பார்த்துத்தான் வாங்குகிறவள் நான். விமானப் பொறியியல் கடைசி ஆண்டில் எல்லாரும் நான்கு நான்கு பேராக ப்ராஜெக்ட் குழு சேர்ந்தபோது, எனக்கென்று ஒருவன்தான் மிஞ்சினான். கீரனூர்க்காரன், யாரையும் ‘ங்க’ போட்டுப் பேசுகிறவன். மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான் சேர்ந்திருப்பான் என்று அவனையும் சந்தேகப்பட்டேன்.

அவன் முதல் நாளே வழி வைத்திருந்தான். “மதுரைல ஒரு சென்டர் இருக்குதுங்க. டைட்டில், மாடல், ரிப்போர்ட் எல்லாம் அவங்களே குடுத்துருவாங்க. வைவால என்ன கேப்பாங்கன்னு கூடச் சொல்லித் தருவாங்க.”

“அப்ப நாம எதுக்கு?”

“பேரு போடறதுக்குங்க.”

எனக்கு எரிச்சலாக வந்தது. வேலைக்கான நேர்முகத்தில் முதல் கேள்வியே ப்ராஜெக்ட் பற்றித்தான். வாங்கிய ப்ராஜெக்டை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார என்னால் முடியாது. இரண்டாவது கேள்வியிலேயே முழிப்பேன். சின்னாளப்பட்டியிலிருந்து இத்தனை வருஷம் பேருந்தில் தொங்கிக்கொண்டு போனதற்கு, ஒரே ஒரு இறக்கையையாவது நிஜக் காற்றில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். அதற்கான இயந்திரம் எங்கள் கல்லூரியிலேயே இருந்தது. விண்ட் டன்னல். ஒரு முனையில் ராட்சத விசிறி காற்றை இழுக்கும், நடுவில் கண்ணாடிக்குள் இறக்கை மாதிரியை வைத்து அளக்கலாம்.

எங்கள் ப்ராஜெக்டுக்கு கைடாக இருந்த ஆசிரியர் சத்தம் போட்டுப் பேசாதவர். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. “கம்ப்யூட்டர்ல பண்ணுங்க, போதும். டன்னல் ரீடிங் வேணும்னா சீனியர்ஸ்கிட்ட வாங்கிக்கலாம்” என்றார்.

“நாங்களே எடுக்குறோம் சார்.”

“மோட்டார் சர்வீஸ்ல இருக்கும்மா.”

போன வருஷ சீனியர்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தைய வருஷத்துக்காரர்களும் அதையே சொன்னார்கள். மோட்டார் சர்வீஸிலேயே இருந்தால் அத்தனை பேர் ரிப்போர்ட்டிலும் அழகழகாக வளைந்து நின்ற கிராஃப் எங்கிருந்து வந்தது? யாரோ விற்கிறார்கள், இவருக்கு அதில் பங்கு இருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவர் யாரோடு டீ குடிக்கிறார் என்பதைக்கூடக் கவனிக்க ஆரம்பித்தேன்.

டன்னல் இருந்த அறை ஆயுத பூஜைக்குத்தான் திறக்கும். அன்றும் திறந்தது. கூட்டிப் பெருக்கி, வாழைக்கன்று கட்டி, டன்னலுக்கு மாலை போட்டிருந்தார்கள். கைடுதான் சந்தனம் வைத்தார். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில் நான் டன்னலைச் சுற்றி வந்தேன்.

காற்று உள்ளே போகும் அகன்ற வாயில், கம்பெனிக்காரர்கள் கட்டி அனுப்பிய பாலிதீன் உறை அப்படியே இருந்தது. பழுப்பேறிப் போயிருந்தது. அதன் மேலேயே வருஷா வருஷம் வைத்த சந்தனப் பொட்டுகள் காய்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அப்பியிருந்தன. புது டிவியின் உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் டிவியைப் போடவாவது செய்வார்கள்.

கூட்டாளியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவன் பொரிகடலையை மெல்லுவதை நிறுத்தினான்.

“ஏனுங்க, இதுக்குள்ள காத்து எப்படிங்க போயிருக்கும்?”

“போகல. அதான் விசயம்.”

அன்றே எங்கள் தலைப்பு முடிவாயிற்று. இறக்கையெல்லாம் பிறகு. டன்னலை ஓட வைப்பது, உள்ளே காற்று என்ன வேகத்தில் வருகிறது என்று அளப்பது. ஓடிவிட்டால் பழைய கிராஃபெல்லாம் கட்டுக்கதை என்று ஊருக்கே தெரியும். கைடு மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. “இன்டர்னல் மார்க் அவரு கையிலங்க” என்று கூட்டாளி நடுங்கினான். இருந்தாலும் கூடவே வந்தான்.

கைடு தலைப்பைப் படித்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். மிரட்டப் போகிறார் என்று நினைத்து, என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

“உறையப் பாத்துட்டியாம்மா?” என்றார்.

“பாத்தேன் சார்.”

“நானும் இங்கதான் படிச்சேன். அப்பவும் சர்வீஸ்லதான் இருந்துச்சு. என் ப்ராஜெக்ட்லயும் அதே கிராஃப்தான்.” தாளை என் பக்கம் தள்ளினார். “அது ஓடுறன்னைக்கு மறக்காம என்னையக் கூப்புடு. நாலாவது வருசமா அதப் பத்திப் பாடம் எடுக்குறேன். அதுல காத்து வந்து நான் பாத்ததில்ல.”

கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போயிருந்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தாளை எடுத்துக்கொண்டேன்.

“கூப்புடுறேன் சார்” என்றேன்.