தானாக விழுந்த டிக்

குமரேசனிடம் போனை நீட்டாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. விளம்பரம் போக மாட்டேன் என்கிறது, கேட்காமலே பாட்டு பாடுகிறது என்று ஆளுக்கொரு புகார். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் எழுதுகிறவன். மாடியில் அவன் லேப்டாப், கீழே தம்பி வீட்டுத் தறி. திட்டிக்கொண்டேதான் சரிசெய்து கொடுப்பான்.

"உள்ள வர்றதுக்கு கோயில் வாசலாட்டம் வைக்கிறானுங்க, வெளிய போறதுக்கு எலி வளை. கேட்டா யூசர் ஃப்ரெண்ட்லியாம். ஜனங்க கையில இருக்கிற போன் ஜனங்களுக்குச் சொந்தமில்லடா" என்பான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். கொஞ்ச நாளாக அந்தப் பேச்சில் காரமும் இல்லை, ஏதோ கடமைக்குச் சொல்வது போலிருந்தது.

ஆவணி முகூர்த்தத்துக்காக அவன் தம்பி மனைவி சுகன்யா ஒரு புடவைக் கரை வரைந்தாள். பாகற்கொடி டிசைன். அதுவரை யார் யாரோ கொடுத்ததை நெய்தவள், முதல்முறையாகத் தன்னுடையதைத் தறியில் ஏற்றினாள். புது டிசைன் என்றால் முதல் புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து எடுக்கும்வரை இங்கே யாரும் வெளியாளுக்குக் காட்ட மாட்டார்கள். காட்டினால் அடுத்தவர் தறியில் ஏறிவிடும். நான் போனபோதுகூட நெய்த பாகத்தின்மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டுத்தான் காபி கொடுத்தாள்.

அப்படிப்பட்டவள், வந்தவாசிக் கடைக்காரர் ஒருவருக்கு மட்டும் என்று, புடவை விற்கும் ஆப் ஒன்றில் படம் அனுப்பினாள். பட்டனுக்குக் கீழே பொடி எழுத்தில் 'எல்லோருக்கும் காட்டு' என்று ஒரு வரி. அதற்கு டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. அவள் பார்க்கவில்லை. யார்தான் பார்க்கிறார்கள்?

அவள் புடவையை அறுப்பதற்குள் பக்கத்துத் தெரு வீரபாகுவின் பவர்லூமில் அதே பாகற்கொடி ஓடியது.

அவள் போனோடு மாடியேறி வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"மாமா, அந்தாளுக்கு மட்டும்தானே அனுப்பினேன்? ஊரே பாத்துகினு இருக்குது. என்னான்னு பாருங்க."

குமரேசன் வாங்கினான். எங்கேயும் தேடவில்லை. நேராக ஆப்பின் ஏதோ ஒரு மூலைக்குள் போய்ப் படத்தை அழித்தான். அந்தப் பொடி எழுத்து வரியையும் டிக்கையும் அவளுக்குக் காட்டினான். வழக்கமாக வரும் திட்டும் வரவில்லை.

"எந்தப் படுபாவி இந்த டிக்க போட்டு வச்சான்?" என்றாள் சுகன்யா. "உங்கள மாதிரி ஒருத்தர் செஞ்சிருந்தா இப்டி ஆவுமா மாமா?"

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்மா போட்டேன். வேற ஒருத்தருக்கு எங்க கம்பெனி செஞ்சி குடுத்த ஆப் இது. டிக் வேணாம்னு மீட்டிங்ல சொன்னேன். இருந்தா ஜனங்களுக்கு ஈஸி, ஒரு தடவ தட்டுறது மிச்சம்னாங்க. மறுபடி மறுபடி சண்ட போட பேஜாரா இருந்திச்சி. போட்டுட்டேன்."

அவள் போனை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. நானும் கிளம்பினேன்.

கீழே சுகன்யா தறியில் உட்கார்ந்திருந்தாள். பழைய வேட்டி மடித்து ஓரமாகக் கிடந்தது. கரை முழுக்கக் கொடி ஓடியிருந்தது, அப்படி ஒரு அழகு. நான் வாசலில் நிற்பதைப் பார்த்தும் அவள் அதை மூடவில்லை.