மூன்று எக்ஸும் இரண்டு வையும்

கலியாணம் பேசியபோது இரண்டு வீட்டாரும் ஒரே விஷயத்தைத்தான் மறைத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பரீட்சையில் எனக்கும் அவருக்கும் கணிதத்தில் சித்தி இல்லை; இருவருமே தவறியிருந்தோம். உப்புவெளியில் குடிவந்த முதல் மாதமே அது வெளியே வந்துவிட்டது. துறைமுகத்தில் அவருக்குப் பதவி உயரவும் நான் ஆசிரியையாக விண்ணப்பிக்கவும் அந்தச் சித்தி வேண்டியிருந்தது. சேர்ந்தே பரீட்சை எழுதுவோம் என்று முடிவெடுத்தோம்.

பின்னேரங்களில் குசினி மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்போம். அட்சரகணிதம் வரும்வரை சண்டையில்லை. ‘சுருக்குக’ என்றிருந்த ஒரு கணக்கில், மூன்று எக்ஸையும் இரண்டு வையையும் கூட்டி ஐந்து எக்ஸ்வை என்று ஒரே வரியில் முடித்தார்.

“அது பிழை. எக்ஸ் வேற, வை வேற. சேர்க்க ஏலாது.”

“நடுவில கூட்டல் அடையாளம் கிடக்குதெல்லே? பிறகேன் ஏலாது?”

“நிகர்த்த உறுப்புகளைத்தான் சேர்க்கலாமெண்டு புத்தகத்தில கிடக்கு.”

“ஏனெண்டும் கிடக்கோ?”

கிடக்கவில்லை. எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று ஒன்று தோன்றியது. எக்ஸ் எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்றால், ஓர் எண்ணைப் போட்டே பார்க்கலாமே! எக்ஸுக்கு இரண்டும் வைக்கு மூன்றும் போட்டேன். கணக்குக்கு வந்தது பன்னிரண்டு. அவருடைய விடைக்கு வந்தது முப்பது.

“இஞ்சாருங்கோ!” என்று கத்திவிட்டேன்.

வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்து, கிணற்றடியிலிருந்து தலையில் சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஈரத்தோடேயே கதிரையில் உட்கார்ந்து, இரண்டுக்கும் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஐந்து!

“பாத்தீரோ, சரி வருது!”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “வேற எண் போடுங்கோ,” என்றேன். போட்டார். சரிவரவில்லை. இன்னொன்றைப் போட்டார். அதுவும் இல்லை.

“ஒருக்காச் சரிவந்தால் மட்டும் காணாது போல, எதைப் போட்டாலும் சரிவரவேணும்,” என்றவர், நுரை கண்ணுக்குள் வழிய வழியச் சிரித்தார். ஐந்து எக்ஸும் மூன்று எக்ஸும் எட்டு எக்ஸ் என்பதற்கு எதைப் போட்டாலும் சரியாகவே வந்தது. போட்டிபோட்டு எண்களை மாற்றிக்கொண்டிருந்ததில் புட்டுப் பானையில் தண்ணீர் வற்றி அடிப்பிடித்தது. பாணும் சம்பலும் தின்றோம்.

பரீட்சை எழுதிப் பெறுபேறு வந்தபோது எனக்குத் திறமைச் சித்தி, அவருக்கு அதற்கு ஒரு படி கீழே சாதாரண சித்தி. துறைமுகத்தில் அவர் என்னுடைய பெறுபேற்றைத்தான் முதலில் சொன்னாராம். அன்று பின்னேரம் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு நிலாவெளி வரைக்கும் மிதித்தார்.