மத்தியானக் காட்சிக்கு வந்தவர்

பச்சை நிறக் குளிரங்கியின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டுதான் அவர் எப்போதும் வருவார். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரையரங்கில் நான் ரிக்கெற் விற்றுக்கொண்டிருந்த காலம் அது, தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பேர்போன படங்கள் எங்களிடம் வருவதில்லை. எந்தெந்த நாடுகளிலிருந்தோ, யாரும் கேள்விப்படாத படங்கள், கீழே ஆங்கில எழுத்துகளோடு ஓடும். புதன்கிழமை மத்தியானக் காட்சிக்கு ஏழெட்டுப் பேர் வந்தால் அதிகம். அவர்களில் தமிழர் அவர் ஒருவர்தான்.

முதல் நாளே அவரை அடையாளம் கண்டுவிட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அம்மாவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள், காலையும் மாலையும் வந்து பார்த்துப் பிழைக்கவைத்த டொக்டர் இவர். கட்டிலின் கால்மாட்டில் நின்ற சிறுமியை அவருக்கு எப்படி ஞாபகமிருக்கும்? நானும் சொல்லவில்லை. எல்லாரையும் போல ‘அண்ணை’ என்றே கூப்பிட்டேன்.

படம் முடிந்ததும், பஸ் வரும்வரை என் கவுண்டரருகே நிற்பார். வேலை நேரத்தில் நான் உள்ளே போக முடியாது என்பதால் கதையை அவரே சொல்வார். விற்றுவிட்ட பசுவைப் பார்க்க மூன்று நாள் நடந்துபோகும் கிழவி. பன்னிரண்டு வருடமாக ஒருவரோடொருவர் பேசாமல் ஒரே படகில் மீன்பிடிக்கும் சகோதரர்கள். மலைமேல் தபால் நிலையத்தில் பனிக்காலம் முழுவதும் தனியாக இருக்கும் ஒரு பெண். ஒரு முறை தொலைக்காட்சித் தொடர் ஒன்றை வாரம் ஒரு பகுதியாகத் திரையிட்டார்கள். ஒரே கட்டடத்தில் ஐந்து வீடுகள், வாரத்துக்கு ஒரு வீட்டின் கதை. அந்த ஐந்து வாரமும் அவர் தவறவில்லை.

“எங்கட படங்களிலை ஆராவது ஒருத்தர் வெல்லவேணும், பிள்ளை. இதுகளிலை ஒருத்தரும் வெல்லேல்லை. எண்டாலும் படம் முடியுது, சனம் எழும்பி வீட்டை போகுது,” என்று ஒருநாள் சொன்னார்.

தமிழ்ப் படம் பார்க்கப் போவதில்லையா என்று கேட்டதற்கு, “அங்கை போனால் எல்லாம் தெரிஞ்ச முகம்,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ளும் புத்தி எனக்கு அப்போது இல்லை.

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் நான் தனியாக இருந்தேன். வாரம் முழுவதும் யாரும் என்னிடம் ரிக்கெற் விலையைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. புதன்கிழமையில் அந்தக் கால்மணி நேரம் எனக்கு எவ்வளவு பெரிது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஏதாவது செய்து அவரைப் பெருமைப்படுத்த வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு புதன்கிழமை எங்கள் மனேச்சரும் கவுண்டரில் நின்றார். அண்ணை ரிக்கெற் வாங்கியதும் மனேச்சரிடம், வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, “இவர் டொக்டர். என் அம்மாவின் உயிரைக் காப்பாற்றியவர்,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

மனேச்சர் சந்தோசமாகக் கையை நீட்டி, “இங்கே எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டார்.

கைகொடுப்பதற்காக அண்ணை கையை உயர்த்தியபோது மேல் பொத்தான்கள் கழன்று அங்கி ஒரு பக்கம் விலகியது. உள்ளே காவலாளிச் சட்டையும், தோளில் கொம்பனியின் பட்டியும் தெரிந்தன. அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, களைப்புத்தான்.

“பிள்ளைக்கு ஆள் மாறிப்போச்சு,” என்றார் தமிழில். ரிக்கெற்றைக் கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. புதன்கிழமைகளில் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன். படங்கள் மாறின. கதை சொல்ல ஆளில்லை.

அடுத்த மாசியில், போரில் வன்னிக்கு இடம்பெயர்ந்திருந்த அம்மா மருந்து கிடைக்காமல் மலேரியாவில் செத்துப்போனதாகக் கடிதம் வந்தது. கடிதம் வந்துசேர ஐந்து வாரம் எடுத்திருந்தது. தெரிந்தவர்கள் தொலைபேசியில் துக்கம் விசாரித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த நாட்களில் ஏதோ ஒரு பத்திரத்தில் ஒப்பம் வாங்குவதற்காக நகரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் போனேன். வாசல் மேசையில் அவர் இருந்தார், சீருடையில்.

இந்த முறையாவது அவரை விட்டுவிட வேண்டும் என்று நினைத்து, சுவரில் இருந்த பெயர்ப்பலகையைப் படிப்பதுபோலத் திரும்பி நின்றேன்.

“பிள்ளை,” என்றார். எழுந்து பக்கத்தில் வந்திருந்தார். “அண்டைக்கு நான் பொய் சொல்லிப்போட்டன். பதினோராம் நாள் அம்மா கஞ்சி குடிச்சவ. நீர் கட்டில் கால்மாட்டிலை நிண்டனீர். அம்மா இப்ப எப்பிடி இருக்கிறா?”

சொன்னேன்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. எத்தனை நாள் காய்ச்சல், நடுக்கம் விட்டுவிட்டு வந்ததா, கடைசியில் நினைவு இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவற்றையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. கடிதத்தில் இருந்ததை வரிவரியாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின், “நீர் பக்கத்திலை இருந்திருந்தாலும் மருந்தில்லாமல் ஒண்டும் செய்திருக்க ஏலாது. நான் நிண்டிருந்தாலும் ஏலாது,” என்றார்.

அப்போதுதான் அழுதேன். போய்வருபவர்கள் பார்க்காதபடி அவர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். பின்னாலிருந்து யாரோ எட்டாம் மாடிக்கு வழி கேட்டார்கள். என்னிடமிருந்து முகத்தைத் திருப்பாமலே, கையை மட்டும் நீட்டி லிஃப்ற்றைக் காட்டினார்.