வெறும் துவக்கு என்று சொன்னேன்

மாத்தளையில் துப்பாக்கி விற்று, பழுதும் பார்க்கும் துவக்குக் கடையில் நான் வேலை செய்கிறேன். லக்கலையிலிருந்து ஒரு பெண் பழுதான துவக்கோடு வந்தார். கணவர் இறந்தபின், காட்டுப்பன்றியிடமிருந்து சேனைப் பயிரைக் காக்க, அந்தத் துவக்கின் லைசன் மனைவியான இவர் பெயருக்கு மாறியிருந்தது. சேலைக்கு மேல் கணவரின் சட்டை. துவக்கைத் தொடும்போதெல்லாம், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று குழலை மடக்கித் திறந்து பார்ப்பார்.

பழுது பார்த்துக் கொடுத்தபோது, முகம் பார்க்காமல், "வெறும் துவக்குதாங்க, உள்ள தோட்டா இல்ல, நான் பாத்துட்டேன்" என்றேன்.

"வீட்டுல மூணு புள்ளைங்க அண்ணே. நீங்க பாத்தது போதாது."

திறந்தார். சரியாகப் பொருந்துகிறதா என்று நான் போட்ட தோட்டா உள்ளேயே இருந்தது.

அதை என் கையில் வைத்தார். "மொதலாளிகிட்ட சொல்ல மாட்டேன். துவக்கு எடுக்க வர்ற பொம்பளைங்ககிட்ட, யார் சொன்னாலும் நம்பாம தெறந்து பாக்கச் சொல்லுங்க."

அதைச் சொல்லாமல் நான் எந்தப் பெண்ணிடமும் துவக்கைக் கொடுப்பதில்லை. யார் பிழையால் கற்றது என்பதை மட்டும் சொல்வதில்லை.