பேராச்சிக்கு ஒரு கண்டனம்

பம்பாய்த் தாராவியில எங்க சாலுக்கு, அதான் ஒட்டு ஒட்டா இருக்குற வரிசை வீடுகளுக்கு, ஒரு சங்கம் உண்டு. அதுக்கு எங்க வீட்டுக்காரவுகதான் காரியதரிசி. பொழப்பு என்னமோ கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ஆபீஸ்ல பியூன் வேலை. அங்க மேசைக்கு மேசை மெமோ கொண்டு குடுத்துக் குடுத்து, அந்த ருசி ஒட்டிக்கிட்டு. சங்கத்துல யாரு என்ன தப்புப் பண்ணாலும் ஒரு கண்டனம் எழுதிருவாக.

"நாலு ஏச்சு ஏசிட்டு விட்டாப் போதாதா?"ன்னு கேட்டா, "ஏச்சு காத்தோட போயிரும், கண்டனம் நோட்டுல ஏறும்"பாக. கண்டனம் வாங்குன ஆளு கூட்டத்துல எந்திச்சு நின்னு அதைக் கேக்கணும். பொறவு ஒரு மாசம் தண்ணி லைன்ல கடைசியில நிக்கணும். பெரிய ஐகோர்ட்டுன்னு நெனைப்பு!

அறுபத்தாறுல நான் காய்ச்சல்ல கெடந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இவுக வெத்தலையைக் குதப்பிக்கிட்டு எழுதி, எங்கிட்டயே வாசிச்சுக் காட்டுதாக: "வரிசையில் நிற்கும் ஆளுக்கு ரெண்டு குடம் என்ற விதியை மீறி நாலு குடம் பிடித்த பேராச்சியை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது."

நான் பாயில எந்திச்சு உக்காந்தேன். பேராச்சி பக்கத்து வீட்டுக்காரி. புருசன் இல்ல, இட்லி வித்து ரெண்டு புள்ளைகளக் காப்பாத்துதா. லைன்ல கடைசின்னா குழாய்ல வெறுங்காத்துதான் வரும். பொறவு எங்கிட்டு மாவாட்ட, எங்கிட்டு இட்லி அவிக்க?

"அடப் பாவி மனுசா, அதுல ரெண்டு குடம் நமக்குப் புடிச்சது. நீங்க நெதம் குளிச்சீகளே, அந்தத் தண்ணி!"

இவுக புகார்க் காயிதத்தை எடுத்துக் காட்டுனாக. "ஆறு பேரு புகார்ல கையெழுத்துப் போட்டாச்சு ஏளா. யாரையாவது கண்டிச்சுத்தான் ஆகணும்."

"அப்ப எம்பேர எழுதுங்க."

"கடைசியில யாரு நிக்க?"

"நீங்கதான். எனக்குக் காய்ச்சல்லா!"

மறுநா கூட்டத்துல போர்வையோட போயி நானே சொன்னேன். தலைவரு, "தண்ணி குடிச்ச வீட்டுக்குத்தான் கண்டனம், மாத்தி எழுதும்"னுட்டாரு. பேராச்சி வாசல்ல நின்னு அழுதுட்டா.

இவுக பேராச்சி பேரை அடிச்சு, எம்பேரை எழுதிட்டு வாசிக்க ஆரம்பிச்சாக. நான் எந்திச்சு நின்னேன். ஊரையே நடுங்க வைக்கிற அந்தக் குரல் கம்மிப்போச்சு. "இச்சங்கம்... மு... முப்பிடாதியம்மாளை..."

கல்யாணமாகிப் பதினோரு வருசத்துல "ஏளா", "இந்தா"ன்னு கூப்புட்டதோட சரி. எம்பேரு அவுக வாயில வந்ததே அன்னைக்குத்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா முட்டிக்கிட்டு வந்துச்சு.

"சரியாக் கேக்கல, இன்னொரு தடவை வாசிங்க"ன்னேன்.